சுவரில் ஆறு ஆணிகள்

இன்று காலைத் தபாலில் அந்தப் படிவம் திரும்பவும் வந்திருக்கிறது. அதே வெளிர்மஞ்சள் தாள், தலைப்பில் அதே சிலுவை, நான்காம் பக்கத்தில் அதே கேள்வி: உங்கள் குடும்பம் கடந்த இரண்டு வருடங்களாகத் தேவாலயத்துக்கு ஒழுங்காக வருகிறதா? அதன் கீழே குருவானவர் கையெழுத்திட ஒரு கோடு. அதற்கும் கீழே, குடும்பத்தை அறிந்த சபை அங்கத்தவர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட இன்னொரு கோடு. சின்னவள் தர்ஷிக்கு வரும் செப்டம்பரில் பெரிய பள்ளிக்கூடம். அக்கா அங்கேதான் படிக்கிறாள் என்பது போதாதாம். கடவுளிடமிருந்து புதிதாக ஒரு நற்சான்று வேண்டுமாம்.

வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. இவரிடம் சொன்னால், "பேசாமல் நிரப்பி அனுப்பும்" என்று சொல்லிவிட்டுப் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போய்விடுவார். இந்தக் கோபத்தை முழுதாகக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீர். நீர் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இருந்தாலும் உமக்குத்தான் சொல்லப்போகிறேன்.

ஊரை விட்டு வந்து, குட்மேய்ஸில் அந்த ஒடுங்கின வீட்டில் நான் மேல்மாடியிலும் நீர் கீழேயும் இருந்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி. இரண்டு பேருக்கும் கைக்குழந்தைகள், எனக்குக் கௌசி, உமக்கு ஜெனிற்றா. ஞாயிற்றுக்கிழமை காலையில் உம்முடைய கிறிஸ்தவக் கீர்த்தனை தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். வெள்ளிக்கிழமை என்னுடைய தேவாரம் கீழே இறங்கும். நான் ஒரு வரியை விட்டுப் பாடினால் நீர் தும்புத்தடியால் முகட்டில் இரண்டு தரம் இடிப்பீர். ஒருநாள் படியில் நின்று கேட்டேன், "வேதக்காரிக்கு ஏன் இந்த வேலை?" என்று. "எங்கட வீட்டு வேலிக்கு மற்றப் பக்கம் பிள்ளையார் கோயில். நீர் பிறக்க முன்னமே நான் பாடமாக்கினது" என்றீர். உமக்கு என்னைவிட நாலு மாதம்தான் கூட. அந்த நாலு மாதத்தை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடினீர்!

பிள்ளைகளுக்கு ஒன்பது வயதானபோதுதான் பள்ளிக்கூடக் கதை தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் நல்லதென்று எல்லோரும் சொன்ன பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்று, அது திருச்சபைப் பள்ளிக்கூடம். நடத்துவது எல்லாச் சமயத்தவருடைய வரிப்பணத்தில், ஆனால் உள்ளே போவதற்கு ஞாயிற்றுக்கிழமை வருகை வேண்டும். தமிழ்ச் சனம் விடுமா? காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பத்து மணிக்குத் தேவாலயத்தில் முழங்காலில் நின்ற குடும்பங்கள் எத்தனை என்று உமக்குத் தெரியும். அதில் நாங்களும் ஒன்று. "கும்பிடுறது எங்கை கும்பிட்டால் என்ன?" என்று இவர் தத்துவம் பேசினார். வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயில், ஞாயிற்றுக்கிழமை உம்முடைய தேவாலயம். வீட்டில் பூசிய திருநீற்றைப் பஸ்ஸுக்குள் கைலேஞ்சியால் அழித்துவிடுவேன். கௌசியின் நெற்றியையும் நானே துடைப்பேன். துடைக்கும்போது அவள் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுப்பது உம்முடைய வேலை. முதல் நாள் என்னைக் கண்டதும் சிரித்தீர். மூன்றாம் மாதம் சிரிப்பில்லை, புத்தகம் மட்டும் கைக்கு வந்தது.

அந்த வருடத்துச் சபைக் கூட்டம் நினைவிருக்கிறதா? ஒரு வருட வருகை போதாது, இரண்டு வருடமாக்க வேண்டும் என்று பிரேரணை. நானும் பின்வரிசை வாங்கில் நல்ல பிள்ளையாகக் குந்தியிருந்தேன். வெள்ளை மீசைக்காரர் ஒருவர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை, கிறிஸ்மஸுக்கு எங்கள் பிள்ளைகளுக்கு இனிப்பு தருகிறவர். இது கிறிஸ்தவ நாடு, இதன் சட்டமும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் பாராளுமன்றமும் அந்த அத்திவாரத்தில் எழுந்தவை, மகாராணியே சபைக்குத் தலைவி, வந்தவர்கள் அதை மதிக்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கழுத்துக் கூசுகிறது.

நீர் மட்டும் எழும்பினீர். உம்முடைய இங்கிலீஸ் கோபம் வந்தால் இன்னும் திருத்தமாகிவிடும். இந்த நாட்டைக் கட்டியதில் என் மதத்துக்குப் பங்குண்டு, அதை நான் மறுக்கவில்லை என்று தொடங்கினீர். ஆனால் நாங்கள் ஓடிவந்த நாட்டிலும் ஒரு மதத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றவன் இரண்டாம் ஆள் என்று அதற்கு அர்த்தமில்லை என்று அங்கேயும் தலையாட்டிக்கொண்டுதான் சொன்னார்கள் என்றீர். அங்கே அது பிழையென்றால் இங்கேயும் பிழை. இங்கே முதலிடத்தில் இருப்பது என்னுடைய மதம் என்பதற்காக எனக்கு அது இனிக்காது என்றீர். மண்டபத்தில் ஒருவர் இருமினார். பிறகு கைகள் உயர்ந்தன. பிரேரணை நிறைவேறியது. எதிராக உயர்ந்தது ஒரு கை. என் கை மடியில் கிடந்தது.

வெளியே தேத்தண்ணீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தீர். "பெரிய மாளிகை கட்டினவை எண்டால் கட்டினவைதான். அதுக்காக வாசல்ல நிண்டு ஆள் பார்த்து உள்ளை விடச் சொல்லி ஆண்டவர் ஒரு இடத்திலயும் சொல்லேல்லை" என்றீர். நான் பிஸ்கட் நல்லாயிருக்கிறது என்றேன்.

அடுத்த வருடம் படிவத்துக்கு முன் குருவானவர் வீடுகளுக்கு வந்தார். சபை அங்கத்தவர் ஒருவரும் கூட வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு உம்மை அழைத்து வந்தார். முதல் நாளே இவரும் நானும் சாமிப் படங்களைக் கழற்றிவிட்டோம். முருகன், பிள்ளையார், லட்சுமி, சரஸ்வதி, நல்லூரில் வாங்கின வேல் படம், மாமனாரின் படம். மாமனார் சாமியில்லை, ஆனால் நெற்றியில் திருநீற்றின் மூன்று குறி இருந்தது, ஆகவே அவரும் போனார். எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி உடுப்பு அலுமாரிக்குள் வைத்தோம். ஆணிகளைப் பிடுங்க மறந்துபோனோம்.

குருவானவர் கதிரையில் இருந்து வடை சாப்பிட்டார். நீர் சுவரைப் பார்த்தீர். ஆறு ஆணி, ஆறு சதுரம் வெளிறின இடம், மேலே சாம்பிராணிப் புகை படிந்த கறை. உம்முடைய கண் ஒவ்வோர் ஆணியாகப் போனதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். குருவானவரைத் தெருமுனைவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்தினீர்.

"பறங்கியன் சைவத்தைத் தடுத்த காலத்தில உங்கட ஆக்கள் விரதச் சோறு திண்ட இலையை வெளியில எறியப் பயந்து, கூரை இறப்பு ஓலைக்குள்ள செருகினவையாம். நீரே சொன்ன கதை. உமக்கு இஞ்சை ஆர் துவக்கு நீட்டினது?"

"அவைக்கு உயிர்ப் பயம். எனக்குப் பிள்ளையின்ர படிப்பு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உமக்கென்ன, பிறந்ததே வேதக்காரி. உமக்குக் கையெழுத்து தானாக வரும்" என்றும் சொன்னேன்.

உம்முடைய முகம் செத்துப்போனது. "எப்பிடி வந்ததெண்டு தெரியுமே? என்ர பூட்டன் மிஷன் பள்ளிக்கூடத்தில இங்கிலீஸ் படிக்கிறதுக்காக ஞானஸ்நானம் எடுத்தவர். சாகும்மட்டும் அறைக்குள்ள திருநீறு பூசினவர். அந்த ஒரு பொய்யை மெய்யாக்க எங்களுக்கு மூண்டு தலைமுறை எடுத்தது. நான் மெய்யாத்தான் நம்புறன். அதாலதான் எனக்கு வயிறு எரியுது. என்ர ஆண்டவரை கேற் பாஸ் ஆக்கிப் போட்டாங்கள், நீரும் அதை வாங்க வரிசையில நிக்கிறீர்."

கதவடியில் நின்று கடைசியாக ஒன்று சொன்னீர். "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனால் கையெழுத்து வைக்க ஏலாது. படங்களைத் திரும்பக் கொழுவும். அவரைத் திரும்பக் கூப்பிடும். அதுக்குப் பிறகும் உங்களுக்கு எழுதித் தந்தாரெண்டால், கீழை என்ர கையெழுத்து."

நான் கூப்பிடவில்லை. வேறொரு வயதான அம்மாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். அவருக்கு என் பெயரே சரியாகத் தெரியாது. கௌசிக்கு இடம் கிடைத்தது. இவர் இனிப்பு வாங்கி வந்தார். நீர் ஜெனிற்றாவுக்கு அந்தப் படிவத்தை நிரப்பவேயில்லை. பிறந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாத பிள்ளை, கடவுளை மெய்யாக நம்பும் தாயின் பிள்ளை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கவுன்சில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நெற்றியைத் துடைத்துக்கொண்ட என் பிள்ளை திருச்சபைப் பள்ளிக்கூடத்துச் சீருடையோடு பஸ் ஏறினாள். எந்த நாட்டின் எந்த அத்திவாரம் இதைச் செய்தது என்று யாராவது எனக்கு விளங்கப்படுத்தட்டும்!

ஒன்றரை வருடம் நாங்கள் பேசவில்லை. உமக்குப் பெரிய வருத்தம், படுக்கையில் கிடக்கிறீர் என்று தெரிந்த பிறகுதான் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நான் அழத் தொடங்கவே, "கறிக்கு உப்புக் காணாது, அதுக்கு அழும்" என்றீர். பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் எடுக்கவில்லை. அதற்கு நாள் இருக்கிறது என்று நினைத்தேன். எங்கே இருந்தது?

உம்முடைய செத்தவீட்டுக்கு நான் திருநீறு பூசிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் கை தானாகக் கைலேஞ்சியைத் தேடியது. அதைக் கைப்பைக்குள் தள்ளிப் பூட்டினேன். தேவாலயத்துக்குள் மூன்று குறியோடு போய், நான் வழமையாக இருந்து நடித்த அதே வாங்கில் இருந்தேன். ஒருவரும் என்னை எழுப்பவில்லை. அதுதான் வெட்கம். இரண்டு வருடமும் இப்படியே வந்திருந்தாலும் வாங்கில் இடம் தந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இடமில்லை.

முடிந்ததும் குருவானவர் வாசலில் என் கையைப் பிடித்தார். நெற்றியைப் பார்த்தார். தணிந்த குரலில், "உங்கள் வீட்டுச் சுவரில் ஆணிகளைக் கண்டேன். படங்களைத் திரும்ப மாட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்திருக்கிறார். எனக்கு இரக்கம் காட்டியதாக நினைத்திருக்கிறார். அந்த வயதான அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், மீசைக்காரருக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யை மரியாதையாக நடத்தியிருக்கிறோம். அதில் சேர மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் நீர். இழந்ததும் நீர் ஒருத்திதான், பூக்களுக்குக் கீழே கிடந்தீர். அந்த நல்ல மனிதரிடம் நான் கத்தியிருக்க வேண்டும். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று பின்னேரம் படிவத்தை மேசையில் விரித்தேன். சமயம் என்ற இடத்தில் சைவம் என்று எழுதினேன். தேவாலயத்துக்கு வருகிறீர்களா என்ற கேள்விக்கு, இல்லை, சிநேகிதியின் செத்தவீட்டுக்கு ஒருமுறை வந்தேன் என்று எழுதினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உமக்கென்ன விசரே? பிள்ளைக்கு இடம் கிடைக்காது" என்றார். கிடைக்காமல் போகலாம். அந்தப் பயம் எனக்கு இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். படியில் நின்ற கௌசிதான், "அம்மா, தர்ஷி ஜெனிற்றாவோட அவளின்ர பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், she'll be fine" என்றாள். பதினைந்து வயது. இந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தாளோ தெரியாது.

சுவரில் ஆறு படமும் இருக்கின்றன, மாமனார் உட்பட. நான்காம் பக்கத்தில் இரண்டு கோடும் வெறுமையாக இருக்கின்றன. குருவானவர் எழுதித் தருவாரோ தெரியாது. சாட்சிக்கான கீழ்க்கோட்டைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. இந்த முறை இதில் ஒரு பொய்யும் இல்லை. நீர் இருந்திருந்தால் கையெழுத்து வைத்திருப்பீர்.