வண்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை

என் அருமை வண்டிக்கார அப்பாவுக்கு,

எங்களைவிட அதிகமாக நீங்கள் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அந்த வெள்ளைக் காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், யாருக்கும் அடி இல்லை. போன மாதம் விக்கிரவாண்டிப் பக்கம் நான் ஓட்டிப் போனபோது முன்பக்கம் புகை கிளம்பி நடுரோட்டில் நின்றுவிட்டது.

நீங்கள் கண்மூடிய பிறகு ஞாயிறுதோறும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்தில் நம் வீட்டுக்கு வந்து, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டுப் போவது என் வேலையாகிவிட்டது. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்பீர்களே, அந்தப் பயம்தான்.

ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப் போனோம். மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "எஞ்சின எறக்கணும்மா. தண்ணியே இல்லாம ஓடிக்கினு இருந்திருக்கு. வண்டி வெலையவிட செலவு ஜாஸ்தி ஆவும். பேசாம எடைக்குப் போட்டுடுங்க."

வீட்டுக்கு வந்து கேட்டால் அம்மா சாதாரணமாகச் சொல்கிறாள். "தெனம் காலையில நான்தான் ஸ்டார்ட் பண்ணிக்கினு இருந்தேன். ஒங்கப்பா பண்ணுவாரே, அந்த மாதிரி."

நீங்கள் சாவியைத் திருப்புவதை மட்டும்தான் அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ஒழுகுகிற ரேடியேட்டருக்கு அதற்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவீர்களே, ஞாயிறுகளில் நானும் ஊற்றுவேனே, அது அவளுக்குத் தெரியாது. ஏன் அப்பா, ஒருநாளாவது அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓட்டத் தெரியாத ஒனக்கு இந்த வேல எதுக்கும்மா? இப்ப வித்துத் தொலைக்க வேண்டியதுதான்" என்று கத்தினேன். அம்மா மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வண்டி கெட்டுப்போச்சுன்னா நீ எதுக்குடி இங்க வரப்போற? அதான் கெடாம பாத்துக்கலாம்னு பண்ணேன்."

வாரா வாரம் வந்தேன், ஓட்டினேன், அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டேன், பஸ் பிடித்தேன். வண்டியைப் பார்க்க வருகிற மகள் என்றே அவள் என்னை நினைத்திருக்கிறாள் அப்பா.

எப்படியாவது சரிபண்ணிவிடலாமா என்று யோசித்தேன். அம்மாதான் அவ்வளவு செலவு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். வண்டி எடைக்கே போய்விட்டது. உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், எனக்கும்தான்.

அதற்கடுத்த ஞாயிறு வழக்கம்போல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அம்மா கதவைத் திறந்தாள்.

"ன்னாடி, இந்தப் பக்கம் எதுனா வேலையா வந்தியா?"

"இல்லம்மா. ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் உள்ளே போய் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து போட்டாள்.

இனி எல்லா ஞாயிறும் போவேன் அப்பா. நான் வருவேன் என்று நம்பி அவள் முதலிலேயே எனக்கும் சேர்த்து உலை வைக்கும்வரை போவேன், அதற்குப் பிறகும் போவேன்.

உங்கள் பெரிய பெண்