செவலை தூக்கிக்கொண்டு போனவள்

துலுக்கச் சாமந்தியின் வாசனையில் கொஞ்சம் காரம், கொஞ்சம் கசப்பு. டெக்ஸாஸின் இர்விங்கில் நம் அபார்ட்மென்ட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெக்ஸிகோ மளிகைக்கடையில் நேற்று வாளி வாளியாக வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு வாசலில் கட்ட இரண்டு கட்டு வாங்கினேன். கார் முழுக்க நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். போன பிறகும் நீ சும்மா இருப்பதில்லை.

இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் இதே பூவைத்தான் மாலையாகக் கட்டிக் கதவில் தொங்கவிட்டேன். கீழ்வீட்டு மெக்ஸிகோ அம்மாள் இனிப்பு ரொட்டியோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். ஒன்றும் புரியாமல், ஸ்பானிஷ் தெரிந்த உன்னைப் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டேன். "ஏட்டி, இது செத்தவங்கள வீட்டுக்குக் கூப்பிடுத பூவாம். உங்க வீட்ல யாரோ போயிட்டாங்கன்னு துட்டி கேக்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாய்.

அன்று பிடித்தது உனக்குப் பைத்தியம். நூலகத்தில் பழைய மெக்ஸிகோவின் ஆஸ்டெக் சாமிகளைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் அள்ளி வந்தாய். சனிக்கிழமைதோறும் என் மகள் உன் வீட்டில்தான் கிடந்தாள். "தமிழ்ல கேட்டாத்தான் கதை" என்பது உன் நிபந்தனை. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், உன்னிடம் தமிழில் பொரிந்து தள்ளினாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை இனி யாரிடம் மறைக்க?

ஒருநாள் ஓடி வந்து எனக்கே கதை சொன்னாள். செத்தவர்கள் மிக்ட்லான் என்கிற பாதாள உலகத்துக்குப் போய்ச்சேர நாலு வருடம் நடக்க வேண்டுமாம். வழியில் ஒரு ஆறு. நாய்தான் கரை சேர்க்க வேண்டுமாம்.

"வெள்ளை நாய், 'இப்பத்தான் குளிச்சேன், போ'ங்குமாம். கறுப்பு நாய், 'இப்பத்தான் மேலெல்லாம் மை பூசியிருக்கேன்'னுடுமாம். செவலை மட்டுந்தாம்மா தூக்கிட்டுப் போகும்."

"செவலைன்னா?"

"ஐயோ அம்மா, ஒரு மாதிரி ரெட்டிஷ் பிரௌன். உனக்குத் தெரியாதா?"

சென்னையில் பிறந்த எனக்கு டெக்ஸாஸில் பிறந்தவள் தமிழ் சொல்லித்தருகிறாள், அதுவும் உன் திருநெல்வேலித் தமிழ். அடுத்த சனிக்கிழமையே அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். உனக்குப் புரியாமலா இருந்திருக்கும்? "நீச்சல் நல்லதுதான்" என்று மட்டும் சொன்னாய். எங்கள் கார் கிளம்பும்போது பால்கனியில் நின்று கையசைப்பாய். நானும் சிரித்துக்கொண்டே கையசைப்பேன். பிறகு உனக்கு நோய் வந்தது. பழைய சனிக்கிழமைகளைத் திருப்பித் தர எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கதை ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டது.

மகளுக்குப் பதிமூன்று ஆகிவிட்டது. நேற்று பூவைப் பார்த்ததும் விரல்விட்டு எண்ணினாள். "ஃபோர் இயர்ஸ் ஆச்சும்மா. ஆன்ட்டி ரீச் ஆயிருப்பாங்க. ஆத்துக்கு அப்புறம் என்ன இருக்கும்? நீ சொல்லேன்."

நான் திருட்டுத்தனமாகப் படித்து வைத்திருந்தேன். ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் மலைகள், கத்தியாக வெட்டும் காற்று எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "ஆன்ட்டி சொன்னா இன்னும் பயமா இருக்கும்" என்றாள். இருக்கும். இன்னும் எரிகிறதடி எனக்கு.

இன்று காலை மாலையைக் கட்டினோம். கீழ்வீட்டு அம்மாள் மறுபடி ரொட்டியோடு வந்து, கதவில் தொங்கிய பூவையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இந்த முறை அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வார்த்தையைச் சொன்னேன். "அமீகா." தோழி.

நாயைக் கண்டாலே நடுங்குகிறவள் நீ. பார்க்கில் சின்னக் குட்டி வந்தாலும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, நகம் பதிய என் தோளைப் பிடிப்பாய். அந்த நீ, எவ்வளவு பெரிய ஆற்றை, ஒரு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கடந்திருக்கிறாய்!

மகள் விஷயத்தில் உன்மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தச் செவலைமேல்தான் எனக்கு ஆறவில்லை. பயந்தால் நீ பிடிப்பது என் தோளைத்தானே.