இருநூற்றுப் பன்னிரண்டு முறை ‘பிறகு’

அனுப்புநர்:
துப்புரவுப் பணியாளர்,
(அழைக்கும் பெயர்: எட்டு மணி அக்கா)
சுகாதார நிலையம்,
மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை.

பெறுநர்:
கணினிப் பிரிவு மேலதிகாரி அவர்கள்,
சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்,
மூன்றாம் மாடி.

பொருள்: கணினிகளைக் குறியாக்கம் செய்யும் அறிவிப்பிலிருந்து ‘பிறகு’ என்ற பொத்தானை எடுத்துவிடவும், செய்யாத தப்புக்கு இடைநீக்கம் ஆன நர்சம்மாவைத் திரும்ப வேலைக்கு அழைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை. (எண் தெரியவில்லை. அந்த இடத்தில் இருமல் மருந்து கொட்டிவிட்டது.)

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

சுற்றறிக்கையில் இருந்த கையெழுத்தைப் பார்த்துத் தாங்கள் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய ஆள் இங்கே யாரும் இல்லை. அதனால் இரண்டையும் போட்டிருக்கிறேன். பொருந்தாததை அடித்துவிடவும்.

1. முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தங்கள் அலுவலகம் நர்சம்மா என்று எழுதி வைத்திருக்கும் குற்றவாளி நான்தான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ‘பிறகு’ என்று வாசிக்க அது போதுமானதாக இருந்தது.

2. என் வேலை காலை எட்டு மணிக்கு நிலையத்தைத் திறப்பது, கூட்டுவது, துடைப்பது. கூடவே, மற்றவர்கள் ஒன்பது மணிக்கு வரும்போது தயாராக இருக்கட்டும் என்று, இரவில் அலமாரியில் இருக்கும் நர்சம்மாவின் மடிக்கணினி உட்படப் பன்னிரண்டு கணினிகளையும் உயிர்ப்பித்து வைப்பது. இந்தக் கடைசி வேலை எந்த உத்தரவிலும் இல்லை. தலைமை எழுத்தர் வாய்மொழியாகக் கொடுத்தது. அதற்காக எல்லோருடைய கடவுச்சொல்லும் என்னிடம் கொடுக்கப்பட்டது. ஏழு பேருக்குப் பிள்ளைகள் பெயர், மூன்று பேருக்கு வண்டி எண், நர்சம்மாவுக்கு அவர் பிறந்த தேதி. மீதி ஒருவர் ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார். அது அவர் வீட்டம்மா பெயர் இல்லை. அதற்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தம் இல்லாததால் அதை இங்கே எழுதவில்லை.

3. போன வருடம் ஒரு காலை, எல்லாத் திரையிலும் தங்கள் அறிவிப்பு வந்தது. இந்தக் கணினி குறியாக்கம் செய்யப்படும், இப்போதேவா, பிறகா என்று கேட்டது. தலைமை எழுத்தரிடம் போய்க் கேட்டேன். அவர் நாளிதழிலிருந்து தலையை எடுக்காமலே, “பிறகுன்னு அமுக்கு, போ. அதுக்கெல்லாம் இப்ப யாருக்கு நேரம்?” என்றார். அன்று அமுக்கியவள்தான். மறுநாளும் கேட்டது, அமுக்கினேன். ஒருமுறை அமுக்கிவிட்டால் அன்றைக்குத் தொல்லை கிடையாது. உள்ளதைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. என் வீட்டில் இத்தனை வருடத்தில் இப்போதா பிறகா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. இங்கே பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று கேட்டார்கள்.

4. குறியாக்கம் என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். மருந்து கொடுக்கிறவர் விளக்கினார். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்குமாம். திறப்பு எண் தெரியாதவன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனாலும், கோழி கிளறிய மண் மாதிரித்தான் அவனுக்குத் தெரியுமாம். இத்தனை நல்ல ஏற்பாட்டை ஒரு துடைப்பக்காரியின் ஒற்றை விரலில் விட்டுவைத்த தங்கள் துணிச்சலை வியக்கிறேன்.

5. மூன்று வாரத்துக்கு முன், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் எங்கள் நர்சம்மா பேருந்தில் தன் மடிக்கணினிப் பையை மறந்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தபோது இருக்கை இருந்தது, பை இல்லை. அதில் இரண்டு தெருக்காரர்கள் விவரம் முழுவதும் இருக்கிறது. யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுக்குத் தெரியாமல் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம். அதில் நானும் இருக்கிறேன். எனக்கு என்ன உபாதை என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. தேவைப்பட்டால் பையை எடுத்தவரைக் கேட்டுக்கொள்ளவும்.

6. விசாரணைக்குத் தங்கள் ஆட்கள் இருவர் வந்தார்கள். அறிவிப்பை ஏன் தள்ளிப்போட்டாய் என்று நர்சம்மாவைக் கேட்டார்கள். அப்படி ஒரு அறிவிப்பைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அவர் பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை தள்ளிப்போடப்பட்டிருப்பதைப் பதிவைக் காட்டிச் சொல்லி, பையைத் தொலைத்தது மட்டுமல்ல, பொய்யும் சொன்னார் என்று எழுதி இடைநீக்கம் செய்துவிட்டார்கள். தலைமை எழுத்தர் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. என்னிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று.

7. அவர் பார்த்ததே இல்லை என்பது சத்தியம். அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் அமுக்கிவிடுவேனே! தங்கள் பதிவில் நேரமும் இருக்கும் என்று மருந்து கொடுக்கிறவர் சொல்கிறார். தயவுசெய்து பார்க்கவும். இருநூற்றுப் பன்னிரண்டும் எட்டு மணிக்கும் எட்டேகாலுக்கும் நடுவில்தான் இருக்கும். நர்சம்மா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது ஒன்பதுக்கு. என்னை எட்டு மணி அக்கா என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

8. இன்னொரு சாட்சியும் உண்டு. இடையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து (துடைத்தவள் நான்தான்) ஒன்பது நாள் காலில் கட்டோடு வீட்டில் கிடந்தேன். அந்த ஒன்பது நாளில் அவரவர் கணினியை அவரவரே போட்டார்கள், அறிவிப்பைப் பார்த்தார்கள், ‘இப்போதே’ என்று அமுக்கினார்கள். குறியாக்கம் ஆகாததால் தங்கள் பட்டியலில் சிவப்பாக இருந்த பத்து கணினிகள் பச்சையாகின. நர்சம்மா அந்த நாட்களில் தடுப்பூசி முகாமில் காகிதப் பதிவேட்டோடு இருந்தார், மடிக்கணினி அலமாரியில் இருந்தது. அதனால் அது சிவப்பாகவே நின்றது. இன்னொரு சிவப்பு தலைமை எழுத்தருடையது. அவர் எந்த முகாமுக்கும் போகவில்லை.

9. நர்சம்மா இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு தெருவிலும் ஒவ்வொரு கதவாகத் தட்டி, உங்கள் விவரம் என் கையிலிருந்து தொலைந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவருகிறார். சிலர் கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்கும் வந்தார். “அக்கா, நான் பார்க்காததை எப்படி அக்கா பார்த்தேன்னு சொல்றது?” என்று கேட்டார். ஊரையே கிண்டல் பண்ணும் வாய் எனக்கு. அன்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அந்த டீயில் சர்க்கரை போட மறந்ததும் அவர் போன பிறகுதான் தெரிந்தது. அதையும் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

10. ஆகையால் தாங்கள் செய்ய வேண்டியது இரண்டு.

நர்சம்மாவின் பெயரில் உள்ள இருநூற்றுப் பன்னிரண்டையும் என் பெயருக்கு மாற்றி, பொய் சொன்னார் என்ற வரியை அடித்து, அவரை வேலைக்கு அழைக்கவும். பையை மறந்ததற்கு என்ன உண்டோ அதைக் கொடுங்கள், அவரே வேண்டாம் என்று சொல்லமாட்டார். எனக்கு என்ன உண்டோ அதை எனக்குக் கொடுங்கள்.

அடுத்தது, அந்தப் பொத்தான். சுற்றறிக்கையில் ‘உடனடியாக’ என்று மூன்று இடத்தில் போட்டுவிட்டு, திரையில் ‘பிறகு’ என்று எதற்கு வைத்தீர்கள்? அதுவும் ‘இப்போதே’யைவிடப் பெரிதாக, நல்ல நீல நிறத்தில்? எங்களைக் கேட்காமல் செய்துவிடுங்கள். பல் பிடுங்குகிறவர் இப்போதா பிறகா என்று கேட்டுக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒரு சொத்தைப் பல்லும் வெளியே வந்திருக்காது.

இம்மனுவின் மேல் தாங்கள் எடுக்கும் முடிவு ‘பிறகு’ என்பதாக இருக்காது என்று நம்பிக் காத்திருக்கும்,

(கையெழுத்து)
எட்டு மணி அக்கா

இடம்: மாடிப்படி அறை
நாள்: வியாழக்கிழமை, மதியம்

பின்குறிப்பு: இந்த மனுவை முதலில் தலைமை எழுத்தர் சாப்பிடப் போகும் நேரங்களில் அவர் கணினியில் ஒற்றை விரலால் அடித்தேன். மூன்று மதியம் ஆனது. விசாரணைக்குப் பிறகு அவர் தங்கள் அறிவிப்பை எதுவும் அமுக்கப் பயந்து, திரையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். கடைசி வரியை முடித்ததும் அது என் கண்ணில் பட்டது. இப்படி ஒரு மனுவை எழுதிவிட்டு அதை அப்படியே விடுவது முறையல்ல என்று ‘இப்போதே’யை அமுக்கினேன். கணினி அணைந்து எழுந்து நாற்பத்தெட்டு இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்டது. அந்த எண் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறதாம். ஆகவே இது கையால் எழுதப்பட்டுள்ளது. முதல் மனு இதைவிட நன்றாக இருந்தது. அது இப்போது மிகவும் பாதுகாப்பாக உள்ளது. தலைமை எழுத்தர் சாப்பிட்டுவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.