படகுக்குக் கடைசி கோட்

ஜன. 3, சனி

காலையில் நல்ல பனி. வெயில் ஏறுவதற்குள் வார்னிஷைத் தொட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும். அதுவரை இருக்கைப் பலகைகளுக்கு உப்புத்தாள் தேய்ப்பு மட்டும். ஓயாத தும்மல். நகக்கண்ணெல்லாம் தேக்குத் தூள்.

வாங்க: டர்பன்டைன், நல்ல பிரஷ் (சிந்தாதிரிப்பேட்டை), பால், பி.பி. மாத்திரை.

ஆழ்வார்பேட்டையிலிருந்து வின்சென்ட் அண்ணன் போன். "பொங்கலுக்குள்ள முடிச்சிடு பிலோ. கடல் அடங்கினதும் எறக்கிடலாம். இந்தத் தடவை சுக்கான் உன் கையிலதான்."

சின்ன வயதிலிருந்து இந்தப் படகில் சுக்கான் பிடி அவன் கையில், பாய்க் கயிறு என் கையில். இழு, விடு, தலையைக் குனி. ஒருநாள் கூட எனக்குத் தந்ததில்லை. ரிட்டயர் ஆன பிறகும் அதற்காக ஏங்கிக்கொண்டு தேய்க்கிறேன். வெட்கம்தான். ஆனாலும் சந்தோஷம்.

ஜன. 8, வியாழன்

புழுதி அடங்க ஷெட்டில் தண்ணீர் தெளித்துவிட்டு இன்னொரு கோட். சுக்கான் பிடியைக் கழற்றி வீட்டுக்குள் தொங்கவிட்டுப் பூசினேன். அதற்கு மட்டும் ஒரு கோட் கூடுதல். யார் கேட்கப்போகிறார்கள்?

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் முருகன் எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், மூஞ்சி தெரியுது இதுல! கடலுக்கா, கல்யாணத்துக்கா?"

"கடலுக்குத்தான்."

முழங்கால் வலி. தைலம்.

ஜன. 13, செவ்வாய்

நாளை போகி. இன்று பூசக்கூடாது, தெரியும். அண்ணன் விடவில்லை. "வெள்ளிக்கிழமை வண்டி வருது. காயறதுக்கு நேரம் வேணாமா? இன்னிக்கே முடி."

முடித்தேன். ஷெட் இடுக்கிலெல்லாம் பழைய புடவையைத் திணித்தேன்.

ஜன. 14, புதன்

போச்சு. விடியும்போதே தெரு முழுக்கப் புகை. யாரோ டயரையும் கொளுத்தியிருக்கிறார்கள். ஈர வார்னிஷ் மேல் எள்ளைத் தூவின மாதிரி கரி. விளிம்பு, பலகை, ஒன்று பாக்கியில்லை. உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குள் இருந்த பிடி மட்டும் தப்பித்தது.

அண்ணனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு மறுபடி பூசவேண்டும், ஒரு வாரம் கொடு என்றேன். சிரித்தான்.

"ஐயோ, தேய்க்காத! அப்படியே விடு. டிசைனர் பொண்ணு பழைய லுக்குதான் கேக்குறா."

"எந்த டிசைனர்?"

"நான் புதுசா திறக்கப்போற கஃபேவுக்கு. நடுவுல போட்டை வெச்சு சாலட் கவுன்ட்டர். சொன்னேனே?"

சொல்லவில்லை.

"அப்போ கடல்?"

"நம்ம வயசுக்குக் கடலாவது பிலோ! இதை முன்னாடியே சொல்லியிருந்தா நீ இவ்ளோ அழகா செஞ்சிருப்பியா?"

போனை வைத்துவிட்டேன். பாவி. கூடப் பிறந்தவன்.

ஜன. 16, வெள்ளி

வண்டி வந்தது. ஏற்றுவதற்கு முருகனும் கைகொடுத்தார். "டீச்சர், இது கடல் பக்கம் போறாப்ல இல்லியே?" கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

பிடியைக் கொடுக்கவில்லை. சமையலறை ஆணியில் தொங்குகிறது. அண்ணன் வந்து கத்தட்டும். நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை வைத்திருக்கிறேன். குக்கர் முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன்.

ஜன. 25, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே கஃபே திறப்புக்கு. படகின் வயிற்றை அறுத்து ஐஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள். என் பாய்க் கயிற்றில் மெனு கார்டு.

சுக்கான் பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாஸ் ஸ்டாண்ட். அண்ணன் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். "சின்ன வயசுல இதை நான்தான் ஓட்டுவேன்."

பிடி எங்கே என்று அவன் கேட்கவே இல்லை. வெள்ளரித் துண்டு இரண்டு தின்றுவிட்டு பஸ் ஏறினேன்.