அக்கரப்பத்தனைக்கு மட்டும் வழிவிடாத சர்வர்

8.3.2004, திங்கள்

தப்பு செய்வது எங்கள் சர்வர். தண்டனை செல்விக்கு.

காலையில் கடும் பனி. விரல் விறைத்து டைப் பண்ண முடியவில்லை.

செல்விக்கு அக்கரப்பத்தனைத் தோட்டத்து ஃபெக்டரி ஒபிஸில் கம்பியூட்டர் வேலை. தொழிலாளர் லயத்திலிருந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். சாயந்தரம் கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், கம்பனியின் எல்லாத் தோட்டமும் அன்றைய கணக்கை எங்கள் நுவரெலியா ஒபிஸ் சர்வருக்கு அனுப்ப வேண்டும். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்புப் பக்கம் வழியாக. மற்றவை வந்துவிடும். அவளுடையது மட்டும் இல்லை.

போனில் அழுகிற குரல்.

"அக்கா, சுத்திக்கிட்டே நிக்குது, பக்கமே வரல. சனிக்கெழம பக்கம் வந்துச்சு, எல்லாம் அடிச்சு அனுப்புன்னு அமுக்கினேன், அறுந்து போச்சு."

பின்னால் அவள் ஒபிஸ் பெரிய கிளாக்கர்: "போன்ல கொஞ்சுனது போதும். தொர கேட்டா நீயே பதில் சொல்லு."

இந்த வாரமும் இப்படியே என்றால் மலைக்கு அனுப்பிவிடுவாராம் தோட்டத்துத் துரை. கொழுந்தெடுக்க.

9.3, செவ்வாய்

சந்தேகம்: டெலிபோன் லைன். செர்டிபிகேட் திகதி. பழைய பிரவுசர்.

லைன் சரி. அதே லைனில் சாதாரணப் பக்கம் உடனே திறக்கிறது. செர்டிபிகேட்டும் சரி. பிரவுசர் எல்லாத் தோட்டத்திலும் அதே பழசுதான். பிறகு ஏன் அவளுக்கு மட்டும்?

மனேஜர் சிவபாலன் சேர், யாழ்ப்பாணத்து மனுஷன்: "பிள்ளை, அது கொழும்பு எஞ்சினியர் செட் பண்ணின சர்வர். நீர் அதில கை வைக்க வேண்டாம். அந்தப் பெட்டைக்குப் பட்டன் அமத்தத் தெரியேல்லை, அவ்வளவுதான்."

செல்வியின் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும்.

குடை பஸ்ஸில் போய்விட்டது. சனியன்.

10.3, புதன். மழை

வீட்டுக்குப் போகாமல் சாயந்தரம் சர்வர் முன்னால். ஒரே நேரத்தில் இத்தனை கனெக்ஷனுக்குத்தான் அதில் இடம்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நிரம்பியது. கணக்கு அனுப்பி முடித்த தோட்டங்கள் கனெக்ஷனை விடவே இல்லை. பூண்டுலோயாத் தோட்டத்துக்குப் போன் அடித்தேன்: வேலை முடிந்ததே, பக்கத்தை ஏன் மூடவில்லை?

"தொர வந்து பாக்காம எப்புடிங்க மூடுறது? செக்ரோல் சம்பளப் புஸ்தகத்தையும் அவரு பாக்குற வரைக்கும் மேசையில தெறந்துதானே வெப்போம்!"

எல்லாத் தோட்டத்திலும் இதே வழக்கம். அனுப்பி முடித்ததும் வரும் பக்கம் தானாகத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும், எஞ்சினியரின் அலங்காரம். அதனால் கனெக்ஷன் சாவதில்லை. அக்கரப்பத்தனைக் கொழுந்து லொறி தூர மலையிலிருந்து கடைசியாக வரும். அதற்குள் இடம் காலி இல்லை. காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அறுந்து போவது வேறு. கணக்கு அடிக்கிற பக்கம் தன்னைப் புதுப்பிக்காது; மெதுவாக அடித்து முடிப்பதற்குள் சர்வர் கனெக்ஷனை மூடிவிடுகிறது. பழைய பிரவுசருக்கு அது தெரியாது, செத்த கனெக்ஷனிலேயே அனுப்பும். மற்றவர்களுக்கும் அறுகிறது. அவர்கள் மறுபடி அமுக்கினால் இடம் இருக்கிறது. செல்விக்கு இல்லை.

மருந்து ஒரே வரி: பழைய பிரவுசர் வந்தால், ஒரு பக்கம் கொடுத்ததும் கனெக்ஷனை மூடு.

11.3, வியாழன்

சேரிடம் சொன்னேன். "அடுத்த மாசம் எஞ்சினியர் வருவார், கதைப்பம்."

அடுத்த மாதம் செல்வி எங்கே இருப்பாள்? அவர் சாப்பிடப் போனதும் வரியைப் போட்டேன். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டேன்.

சாயந்தரம் அக்கரப்பத்தனை வந்தது. இரண்டு தடவை வந்தது!

"சந்தோஷத்துல ரெண்டு தரம் அமுக்கிட்டேன் அக்கா. திட்டாதீங்க."

ஒன்றை அழித்தேன். நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

12.3, வெள்ளி

நாசமாய்ப் போக.

நேற்றுக் கணக்கு போனதைப் பார்த்துவிட்டுத் துரையிடம் கிளாக்கர் சொன்னாராம்: "இன்னைக்கு மட்டும் எப்புடிங்க போவுது? அப்ப இவ்வளவு நாளும் வெளயாடிக்கிட்டுத்தானே இருந்திருக்கா?"

துரைக்கு அது போதும். நாளையிலிருந்து மலை.

நான் திருத்தியது யாருக்கும் தெரியாது. அதனால் அவள் கள்ளி.

13.3, சனி

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கூடையோடு நின்றாளாம். கடை போனிலிருந்து பேசினாள்.

"'கம்பியூட்டரம்மா, கூடையையும் பட்டன அமுக்கி ரொப்பப் போறியாடி'ங்குறாளுக கூட நிக்கிறவளுக. நானும் சிரிச்சுட்டேன் அக்கா."

அவள் நாற்காலியில் இப்போது கிளாக்கரின் மருமகன்.

போனை வைத்துவிட்டு நேரே சேர் அறைக்கு. தட்டவில்லை. சர்வரின் லொக் பதிவை அச்செடுத்து அவர் மேசையில் போட்டேன். வரியைப் போட்டது நான்தான் என்றேன். வேலை போனால் போகட்டும்.

"உமக்கென்ன விசரே? இதை எழுதினா எஞ்சினியர் என்னை விடுவானே?"

"தப்பு சர்வர் மேலன்னு எழுதுங்க சேர். கையெழுத்து வச்சு இன்னைக்கே தொரைக்கு அனுப்புங்க. செல்விய திரும்ப அந்த நாற்காலியில உக்கார வைக்கச் சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி கேட்டேன்.

"அனுப்புறீங்களா, இல்லையா?"