புலிக்கும் புளிக்கும் ஒரு தாள்

நவ. 4, திங்கள்

மழை. சனிக்கிழமை, மரித்தோர் திருநாளன்று கல்லறையில் நனைந்ததன் பலன் தொண்டைக்கட்டு. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

இந்த வாரத்துப் பாடம் தெரிவு செய்ய வேண்டும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பாடசாலை, மூன்றாம் நான்காம் வகுப்புகள். அரசாங்கப் புத்தகம் இன்னும் வரவில்லை. நான் எழுதிக் கொடுக்கும் பயிற்சித்தாள்தான் அவர்களுக்குப் புத்தகம்.

பார்த்தவை:
– எனது வீடு, படம் கீறுதல். வேண்டாம். லயத்து வீட்டில் ஒரே அறை. கீறி முடித்துவிட்டுப் பேன் பார்ப்பார்கள்.
– கடிகாரம். போன தவணை செய்தாயிற்று.
– ல, ள. இதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்று. காது கூசுகிறது.

சொற்கள்: கிலி–கிளி, பல்லி–பள்ளி, கலை–களை, புலி–புளி. கடைசிச் சோடிக்கு மட்டும் படம். புலியை நானே கீறினேன், மீசை ஒவ்வொன்றாக. கன்னியர் மடத்துப் பள்ளியில் சித்திரத்துக்கு என்னை யாரும் முந்தியதில்லை.

பின்னேரம் செல்வராணி வந்தாள், சின்னதில் என்னிடம் படித்த ராணி. அந்தப் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவள், அதே தோட்டத்தில் பிறந்தவள். தாளைப் பார்த்ததும் முகம் போய்விட்டது.

"புலி வேணாங்க மிஸ். பல்லி பள்ளி போதுமே. காலம் சரியில்லை."

"காலம் எப்ப சரியா இருந்தது? புலி எண்டா காட்டு மிருகம். நானே அதைப் படைச்சனான்?"

"சோதனைச் சாவடில பையக் கொட்டுறாங்க மிஸ்."

"பள்ளிக்கூடத் தாள் எண்டு சொல்லும். நேரா நிண்டு சொல்லும்."

பேசாமல் நின்றாள். பேசாமல் நிற்பதும் ஒரு வாயாடித்தனம்.

வானொலியில், வடக்கில் புலிகள் வைத்த கண்ணிவெடியாம். பக்கத்து வீட்டுச் சிங்களவர் தங்கள் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

நவ. 5, செவ்வாய்

மப்பு வானம். தாளை ஸ்டென்சிலில் கீறி எடுத்துக்கொண்டு ஹனிபா நானாவின் கடைக்கு. எழுதுபொருள் கடை, பின்னால் பிரதி எடுக்கும் றோணியோ இயந்திரம்.

வழியில், பஸ் நிலையத்தில், ஒருவனைச் சுற்றி நின்று அடித்தார்கள். நெற்றியில் திருநீறு, சந்தைக்கு வந்த மனுஷன். கீரைக்கட்டு மிதிபட்டுக் கிடந்தது. யாரும் கத்தவில்லை, அடிக்கிறவர்களும் கூட. அடி விழும் சத்தம் மட்டும். ஒருவன் கை நொந்து ஒதுங்கி நின்று, விரல்களை உதறிவிட்டு மறுபடி போனான்.

குடையைச் சாய்க்காமல் நடந்தேன். பொட்டில்லாத நெற்றி, வெளுத்த தோல். பறங்கிக் கிழவி என்று நினைத்திருப்பார்கள். நான் யாரென்று நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹனிபா நானா ஸ்டென்சிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இவர பூனையாக்கித் தர ஏலாதா? கோட்ட அழிச்சா பூனதானே."

"பூனைக்கும் புளிக்கும் என்ன சம்பந்தம்?"

"உசுருக்கும் கடுதாசிக்கும் என்ன சம்பந்தம், அதச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அச்சடித்தும் தந்தார். மை கொஞ்சம் தடிப்பு. புலிக்கு அது எடுப்பாகவே இருந்தது.

நவ. 6, புதன்

மழை விட்டது. காலையில் ராணி வந்து, அச்சடித்த தாள்களை வாங்கிப் பையில் வைத்தாள். மேலே ஒரு துவாயை மடித்து மூடினாள். "களவெடுத்த சாமானே, மூடிக்கொண்டு போறதுக்கு?" என்றேன். துவாயை எடுத்துவிட்டுப் போனாள்.

காலைச் சாப்பாட்டுக்கு நேற்றைய பாண். மல்லிகைக் கன்றை எலி கடித்திருக்கிறது.

மத்தியானம் ஹனிபா நானா வந்தார். என் வீட்டுக்கு ஒருநாளும் வராத மனிதர். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

"புள்ளய புடிச்சிட்டானுவ டீச்சரம்மா. ஹந்தான பஸ்ஸ நிப்பாட்டி, பையக் கொட்டி. பாதை பூரா புலி ஈக்குதாம். காத்துக்குப் பறந்து பறந்து."

"எங்கை கொண்டுபோனவங்கள்?"

"பொலிசுக்கு. முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனத பஸ்ஸுல இருந்த நம்ம ஆள் ஒருத்தன் பாத்தான்." குரலைத் தாழ்த்தினார். "ஸ்டென்சில அடுப்புல போட்டுட்டேன். எங்க அச்சடிச்சதுன்னு கேட்டா என் பேரு வராது தானே?"

"நான் பொய் சொல்லிறேல்லை."

"எனக்கு மூணு பொம்புளப் புள்ள டீச்சரம்மா."

குடையை எடுத்தேன். அவர் போனதும் உடனே புறப்பட்டேன். சந்தியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஊரடங்கு. செபமாலையைக் கையில் எடுத்தேன். செபம் ஓடவில்லை. மனதில் முழுக்க முடியைப் பிடித்து இழுக்கும் அந்தக் கை.

நவ. 7, வியாழன்

சாம்பல் பட்டு உடுத்தேன், முத்துப் புரோச் குத்தினேன். மறைந்த என் கணவருக்குக் கீழே இறைவரித் திணைக்களத்தில் வேலை செய்தவர்கள் என்னைக் கண்டு எழுந்து நிற்பார்களே, அந்த நடை. பொலிஸ் நிலைய வாசலில் ஆங்கிலத்தில் பேசினேன். உடனே கதிரை வந்தது.

இன்ஸ்பெக்டர் இளம்வயது. நல்ல ஆங்கிலம், நல்ல பள்ளிக்கூடம். மேசையில் என் தாள், சப்பாத்து அடையாளத்துடன்.

இதைத் தெரிவு செய்தது யார் என்றார். நான் என்றேன். கீறியது? நான். அழகாக இருக்கிறது என்றார். அச்சடித்தது எங்கே?

என் வீட்டில் என்றேன். கண் சிமிட்டாமல். கன்னியாஸ்திரிகள் பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் உங்கள்மேல் குற்றமில்லை மேடம், வயதானவர், மரியாதைப்பட்ட குடும்பம் என்றார். நான் கீறினால் மிருகம், அவள் சுமந்தால் பயங்கரவாதமா என்று கேட்டேன்.

தேநீர் ஆறுகிறது மேடம் என்றார்.

பின்கட்டிலிருந்து துணி துவைக்கும் சத்தம். கல்லில் ஓங்கி ஓங்கி. பொலிஸ் நிலையத்தில் இந்த நேரத்தில் யார் துவைப்பது என்று யோசித்தேன். பிறகு விளங்கியது.

தேநீரைக் குடித்தேன். குடித்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

நாளை வரச் சொன்னார்கள்.

நவ. 8, வெள்ளி

திரும்பவும் மழை. காலையிலேயே போய்விட்டேன். இன்று கதிரை வேண்டாம் என்று வாங்குப் பலகையில் இருந்தேன், சனங்களோடு. பக்கத்தில் ஒரு பெண், மகனைத் தேடி வந்தவள், சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு. அவளுக்கு யாரும் பதிலே சொல்லவில்லை.

கான்ஸ்டபிள்மார் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். "கொட்டி ஆச்சி." புலிக் கிழவியாம். சிங்களம் எனக்குத் தெரியாதென்று நினைப்பு. அவர்களுடைய இலக்கணத்தையும் திருத்தக்கூடியவள் நான்.

ராணியை விடும்வரை எழும்பமாட்டேன் என்று இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். மதியத்துக்குப் பிறகு, நான் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தார்கள். தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்கள், சாமானைத் தள்ளுவதுபோல்.

மேலுதடு பிளந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. ஒரு கண் மூடிக்கிடந்தது. வலது கை விரல்கள் கத்தரிக்காய் நிறம். என் பட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைக்கப் போனேன், தலையை விலக்கிக்கொண்டாள்.

வாடகைக் காரில் வைத்துத்தான் சொன்னாள். சாரதி கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

"தாளப் படிக்கச் சொன்னாங்க மிஸ். புலின்னு படிச்சேன். துவக்குப் புடியால வாயில குத்துனாங்க. அடுத்தது புளி. அதுக்கும் குத்துனாங்க. அது வேற சார், சியம்பலா, கொழம்புல போடுறதுன்னு சிங்களத்துல கத்துனேன். ரெண்டு தரம் புலி சொல்றியா, திரும்பப் படின்னாங்க. திரும்பப் படிச்சேன். திரும்பவும்."

வாயில் ஊறிய இரத்தத்தைத் துடைத்துவிட்டு:

"நான் சரியாத்தான் சொன்னேன் மிஸ். நாக்க மடிச்சுத்தான் சொன்னேன்."

அந்த வாயோடும் புளியின் 'ள' சுத்தமாக வந்தது.

நவ. 9, சனி

எதுவும் எழுதுவதற்கில்லை. ஹனிபா நானா கடை பூட்டு. பஸ் நிலையத்தில் தீ வைத்த நாற்றம், இங்குவரை. என் அலுமாரியில் மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு தாள்களையும் கிழித்தேன். கிழிக்கக் கிழிக்கக் கோபம் கூடியது. யார்மேல் என்று பிடிபடவில்லை. பூச்சாடி ஒன்றை எறிந்து உடைத்தேன். இந்த வயதில்.

நவ. 10, ஞாயிறு

வெயில். பூசை முடிந்து வர, வாசல் படலையில் ராணியின் தாய். கொழுந்து பறிக்கும் பெண். ராணி கீழே பாதையில், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பெட்டியோடு.

"உள்ளே வாரும்" என்றேன். வரவில்லை.

"இல்லீங்க, பஸ்ஸுக்குப் போறோம். ஹுன்னஸ்கிரியல எங்கண்ணன் வீட்டுல விட்டுட்டு வாறேன். இனிமே பள்ளிக்கூட வேல வேணாங்க இவளுக்கு."

"சுகம் வரட்டும். பிறகு யோசிக்கலாம். பிள்ளையளுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

"யாரும் வேணாங்க." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சின்னதுல ஒங்க கிட்ட பாடத்துக்கு வருவாளே, கை வீங்கித்தான் வரும். ரெண்டையும் ஒன்னா சொல்றாளாம், இங்க அடி. ரெண்டும் ஒன்னா கேக்குதாம், அங்க அடி. எங்க போயிங்க நாங்க பேசறது?"

"அடிமட்டத்தாலை உள்ளங்கையிலை ஒரு தட்டு. அதும் இதும் ஒண்டே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பாதையில் ராணி பெட்டியை நொந்த கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சரியாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் எல்லாம் பிழைச்சுப் போகும், அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கப் பிழைச்சுப் போவார்கள் என்றேன்.

"பொழைச்சுப் போகட்டுங்க" என்றாள். "எம்புள்ளையும் எங்கயாச்சும் போயிப் பொழைச்சுக்கட்டும்."

நான் சொன்னது பிழையை, அவள் கேட்டது பிழைப்பை. திருத்தவில்லை.