காலி என்று சொன்ன பிளாப்பிகள்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கோபம்தான் தணியவில்லை.

மேலாளர் ஒரு பெட்டி நிறைய, கம்ப்யூட்டர் பதிவுகளைச் சேமிக்கும் பிளாப்பித் தட்டுகளைக் கொடுத்து, "எல்லாம் காலிதான், ஃபார்மேட் பண்ணு" என்றார். கட்டளையைத் தட்டியதும், அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டரே கேட்கும். நானும் அவரைக் கேட்டேன்.

"ஆமான்னு தட்டுய்யா, சும்மா நச்சரிக்காதே!"

அதில் ஒன்றில்தான் எங்கள் லீவுப் பட்டியல் இருந்திருக்கிறது. இப்போது வாய் கூசாமல், "உனக்கு லீவு கொடுத்ததா பதிவே இல்லையே" என்கிறார். என் லீவை என் விரலாலேயே அழிக்க வைத்துவிட்டு!

கவலைப்படாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்ட லீவுச் சீட்டைச் சந்தோஷத்தில் உங்களுக்கே அனுப்பிவிட்டேன் அல்லவா, அதை உடனே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மேசையில் வைத்து, "இதையும் அழிச்சிடட்டுமா சார்?" என்று கேட்கிறேன்.

என் நீலச் சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் வந்து போட்டுக்கொள்வேன். மேலாளர் வருகிறார், முடிக்கிறேன்.

உங்கள் மகன்